கொட்டத் தெரியாத கைகள்

அறுபதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் எங்கே திரும்பினாலும் சாரம் கட்டியிருக்கும். திருவெறும்பூர்ப் பக்கம் தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே வேலைக்கு வருகிறவர்கள் குடியிருக்க வீடு வேண்டாமா? வீடு என்றால் செங்கல், மணல், மாட்டுவண்டி, சாரக்கயிறு, பக்கத்தில் ஒரு டீக்கடை. அத்தனைக்கும் ஆள் தேவைப்பட்டது. தொட்டியத்திலிருந்து பெண்கள் எட்டுப் பேர் பஸ் ஏறினோம்.

அதுவரை நாங்கள் வாழைத்தோட்டத்தில் தார் சுமந்தவர்கள். கூலியைக் கூட்டிக் கேட்டதற்குத் தோட்டக்காரர், "போறவளுக போகலாம். அப்புறம் ஒருத்தியும் என் எடத்துல கால் வைக்கக் கூடாது" என்றார். என் வாய் சும்மா இருக்குமா? "நீங்க கூப்பிடாம வைக்க மாட்டோங்க" என்று சொல்லிவிட்டேன். ஆக, திரும்பிப் போக வழியில்லை. மற்ற ஏழு பேரும் என் வாயை நம்பி வந்தவர்கள்.

தென்னூரில் ஒரு மாடிக் கட்டடத்தில் வேலை கிடைத்தது. போன அன்றே தளத்துக்குக் கான்கிரீட். தொடங்கிவிட்டால் நடுவில் நிறுத்த முடியாது. "மத்தியானம் வரைக்கும் பார்ப்பேன். சரிப்படலைன்னா எட்டுப் பேரும் ஊருக்குக் கெளம்புங்க" என்றார் மேஸ்திரி.

சுமப்பதில் எங்களை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. கலவைச் சட்டியைக் கையால் பிடிக்காமலே சாரப்பலகையில் ஏறினோம். ஆனாலும் மேலே வரிசை தேங்கி நின்றது. பின்னாலிருந்து ஒரே கத்தல். மேஸ்திரி ஏறி வந்து பார்த்தார். எட்டுப் பேரும் குனிந்து, சட்டியை இரண்டு கையாலும் பதமாகக் கீழே இறக்கி வைத்து, அப்புறம் சாய்த்துக்கொண்டிருந்தோம். ஒரு காய் கன்றினாலும் திட்டு வாங்கிய உடம்பு, அதற்கு வேறு எப்படித் தெரியும்?

"ஏம்மா, இதென்ன பூவன் தாரா, கன்னிப் போறதுக்கு? நின்னபடியே கொட்டுங்கம்மா!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் எரிந்தது. அடுத்த சட்டியை நின்றபடியே கவிழ்த்த வேகத்தில், கலவை மேஸ்திரியின் வேட்டி முழுக்கத் தெறித்தது. ஐயையோ, எட்டுப் பேர் பிழைப்பும் போச்சு என்று நினைத்தேன். அவர் வேட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆங், இப்படித்தான்" என்றார். மத்தியானம் எங்களை யாரும் போகச் சொல்லவில்லை.

ஏழெட்டு வருஷத்தில் எனக்குக் கீழே முப்பது பேர் வேலை செய்தார்கள். தார் சுமக்க ஆள் கிடைக்காமல் தோட்டக்காரர் கூலியைக் கூட்டினார் என்று கேள்விப்பட்டேன். மறைப்பானேன், ரொம்ப சந்தோஷப்பட்டேன். பிறகு அவரே ஸ்ரீரங்கத்தில் மகளுக்கு வீடு கட்டினார். தளம் போட மேஸ்திரி அனுப்பியது என் ஆட்களை.

வாசலில் அவரைக் கண்டதும் நின்றுவிட்டேன். எனக்குப் பின்னால் முப்பது பேரும் நின்றார்கள். உள்ளே கலவை தயாராக இருந்தது, விட்டால் இறுகிவிடும்.

"கால் வைக்கலாங்களா?" என்று கேட்டேன்.

அவருக்கு நினைவிருந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

"உள்ள வாங்கம்மா" என்றார்.

முதல் சட்டியை நானே சுமந்து போய் நின்றபடியே கொட்டினேன்.