சொர்ணத்தின் மேஜைக்கு ஓட்டு

நாலு மணிக்கே சொர்ணம் இஸ்திரி மேஜையைத் தூணுக்குப் பின்னாலிருந்து இழுத்து, குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்குப் போட்டிருந்த நாற்காலிகளுக்கு நேர் எதிரே வைத்துக்கொண்டாள். யோசனை வாட்ச்மேன் அசோகனுடையது.

"எங்கியும் போவாதக்கா. தேச்சிக்கினே நில்லு. உன் மூஞ்சப் பாத்துக்கினு மேஜைய எடுக்கச் சொல்லி எவன் கை தூக்குவான்?"

"தூக்கிட்டா?"

"தூக்கினவன் சட்ட நாளைக்கு உன் கைக்குத்தான வரணும்? அந்த பயம் கீதுல்ல."

மந்தைவெளியில் பன்னிரண்டு வீட்டு அடுக்ககம் அது. கார் நிறுத்தும் இடத்து மூலையில் முதலில் மேஜை போட்டது அவள் புருஷன் சுப்புராயன். அவன் போய்ச்சேர்ந்த பிறகு கரிப்பெட்டி அவள் கைக்கு வந்தது. அடையாற்றங்கரை வீட்டை அரசாங்கம் இடித்து, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் விட்டபோது, தூரத்துக்குப் பயந்து அக்கம்பக்கத்துப் பெண்கள் பலர் இந்தப் பக்கத்து வேலையை விட்டார்கள். சொர்ணம் விடவில்லை. புது இடத்தில் யார் காசு கொடுத்துத் துணி தேய்ப்பார்கள்? விடியற்காலை பஸ்ஸில் நின்றபடியே தூங்கப் பழகிக்கொண்டாள். மகள் கயலின் நர்சிங் படிப்பு இந்த மேஜைக் காசில்தான் நடந்துகொண்டிருந்தது.

இப்போது மூன்றாம் மாடி ராம்குமார் மின்சாரக் கார் வாங்கியிருந்தான். சார்ஜர் பொருத்த அந்த மூலை வேண்டும். கார் பக்கத்தில் கரி நெருப்பும் ஆகாது என்றான். நியாயம்தானே என்று சொர்ணத்துக்கே பட்டது. பயமும் அதனால்தான்.

"ரோட்டோரமா போட்டுக்கட்டும். பெரிய குடை நான் வாங்கித் தரேன்" என்றான் கூட்டத்தில்.

"ரோட்ல எத்தினி நாளு நிக்க வுடுவாங்க சார்?" என்றாள் சொர்ணம், பெட்டியை நிறுத்தாமல். எல்லோரும் அவளைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். அசோகன் கேட்டருகிலிருந்து கண்ணைக் காட்டினான். வேலை செய்கிறது.

அப்போது சங்கத் தலைவி அபயாம்பாள் மாமி தொண்டையைச் செருமினாள். கஞ்சி போட்டுத் தேய்ப்பதற்கு மாமியின் நூல் புடவைகள் சொர்ணத்தைத் தவிர வேறு கை பார்த்ததில்லை. எட்டு வீடு தன் பக்கம் என்று சொர்ணம் போட்ட கணக்கில் முதல் வீடே மாமியுடையது.

"கையைத் தூக்கறதெல்லாம் வேண்டாம். அவ எதிர்ல நின்னுண்டிருக்கா. தாட்சண்யத்துல யாருக்கும் கை எழும்பாது. ஓட்டுன்னா ரகசியமாத்தான் இருக்கணும். மேஜை இருக்கட்டுமா வேண்டாமான்னு சீட்டுல எழுதுங்கோ."

"அதெல்லாம் எதுக்கு மாமி? நாம என்ன எம்.எல்.ஏ.வையா தேர்ந்தெடுக்கோம்?" என்றார் தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பொன்ராஜ். "கையத் தூக்கிட்டுப் போவோம். கடையில ஆளு காத்துட்டு நிக்கு."

மாமி அசையவில்லை. பேப்பர் கிழிபட்டது. படித்தவர்கள், பெரியவர்கள், பரீட்சையில் பக்கத்துப் பையனுக்கு மறைக்கும் பிள்ளைகள் மாதிரி உள்ளங்கையைக் குவித்துக்கொண்டு எழுதினார்கள். சொர்ணத்தின் முகம் இனி யாருக்கும் தேவைப்படவில்லை. தீய்ந்த வாடை லேசாக எழுந்ததும்தான் பெட்டியை வெடுக்கென்று தூக்கினாள். நல்லவேளை, துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. ராம்குமாரின் வெள்ளைச் சட்டை.

பொன்ராஜ் வீட்டு எவர்சில்வர் தூக்குவாளியில் சீட்டுகள் விழுந்தன. அங்கே வீடும் ஓட்டும் இல்லாதவன் என்பதால் அசோகனைப் படிக்கச் சொன்னார்கள்.

"இருக்கட்டும். வேணாம். வேணாம். இருக்கட்டும்..." கடைசிச் சீட்டைப் பிரித்தபோது அவன் குரல் இறங்கியது. "வேணாம்."

ஆறுக்கு ஆறு.

எட்டில் இரண்டு எங்கே போனது? சொர்ணம் வரிசையாக முகங்களைப் பார்த்தாள். எல்லா முகமும் ஒரே மாதிரி இருந்தது.

"சமமா வந்தா தலைவருக்குக் காஸ்டிங் ஓட்டு. இன்னொரு சீட்டு எழுதிடுங்க மாமி" என்றான் ராம்குமார்.

பொன்ராஜ் சிரித்துவிட்டார். "ஒத்த ஆளு போடுற ஓட்டுல என்ன ரகசியம்? வாயாலயே சொல்லுங்க."

மாமி கண்ணாடியைக் கழற்றினாள். முந்தானையால் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். மாதாமாதம் அவளை டாக்டரிடம் கூட்டிப்போவது ராம்குமார்தான். இப்போது அந்தப் புதுக் காரில். சொர்ணம் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மேலே ஏதோ வீட்டில் குக்கர் விசில் அடித்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை.

"மேஜை இருக்கட்டும்" என்றாள் மாமி. "கரி வேண்டாம். கரண்ட் பெட்டியா மாத்திக்கோ சொர்ணம். ராம்குமார், நீ உன் கார் நிக்கற எடத்துக்கே ஒயர் இழுத்துக்கோ."

ராம்குமார் நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்தான். கொஞ்சம் பலமாகத்தான்.

சாயங்காலம் தேய்த்த துணிகளோடு சொர்ணம் மாடி ஏறினாள். போன வீடெல்லாம் கதவைப் பாதி திறந்து, குரலைத் தாழ்த்தி ஒரே சேதிதான்: "நான் உனக்குத்தான் போட்டேன், தெரியுமில்ல?"

"தெரியும்மா" என்றாள் ஒவ்வொரு வாசலிலும். ராம்குமார் மட்டும் அதைச் சொல்லவில்லை. சட்டையை வாங்கிக்கொண்டு, "உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லக்கா" என்றான். அவளுக்கு அவனிடம்தான் நிம்மதியாகப் பேச முடிந்தது.

கடைசியாக மாமி வீடு. மாமி புடவைகளை எண்ணி வாங்கிக்கொண்டாள். ஓட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. சொர்ணமும் நகரவில்லை.

"என்னடி, ஏதாவது கேக்கணுமா?"

"மொதோ சீட்டுல இன்னா எழுதினன்னு கேட்டா சொல்லுவியா மாமி?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

மாமி உள்ளே போய் மறுநாளைக்கான மூட்டையைக் கொண்டுவந்தாள். "கஞ்சி கம்மியா போடு. போன தடவை மொடமொடன்னு இருந்தது."

சொர்ணம் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கினாள்.