மூன்றாவது எண்

வாயில் குழாய், மூக்கில் கிளிப். படகின் விளிம்பில் உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார் அண்ணி. கூடவே முக்குளிக்கும் கொழுந்தன் அப்படிக் கூப்பிடப்போய், முதலாளி உட்பட எல்லோருக்கும் அவர் அண்ணியாகிவிட்டார். தண்ணீரில் இறங்குமுன் கருவியில் சில நிமிடம் மூச்சுவிட்டுப் பார்ப்பது முறை. அப்போது பேச முடியாது. படகோட்டும் கணவர் வீட்டு விஷயங்களை அந்த நேரத்துக்காகவே சேர்த்து வைத்திருப்பார்.

“உன் அண்ணன் நம்ம ஏணியை வாங்கிட்டுப் போனவர்தான், திருப்பித் தரவே இல்ல. நான் கேட்டா தப்பாயிடும். நீ கேளு. பதில் வரலைன்னா சரின்னு எடுத்துக்கறேன்.”

அண்ணி மணிக்கட்டுத் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மூழ்கிய கப்பல்களை அளந்து படமெடுப்பது இவர்கள் தொழில். விட்ட மூச்சையே வடிகட்டி, செலவான ஆக்சிஜனைச் சேர்த்துத் திருப்பித் தருகிறது கருவி. ஆக்சிஜன் குறைந்தால் மயக்கம், கூடினால் வலிப்பு. தண்ணீருக்கடியில் இரண்டுக்கும் முடிவு ஒன்றுதான். அதனால் மூன்று சென்சார்கள் அதைத் தனித்தனியே அளந்து, மூன்று எண்களைக் காட்டுகின்றன. ஒன்று மாறுபட்டால், ஒத்துப்போகும் இரண்டைக் கருவி நம்பும். அண்ணி மூன்றையுமே நம்புவதில்லை. பேருந்தில் பக்கத்து ஆளின் செய்தித்தாளைப் படிப்பதுபோல் கொழுந்தனின் திரையையும் எட்டிப் பார்ப்பார். “என்னை வேவு பாக்கறாங்க” என்பான் அவன்.

சென்ற மாதம் ஒரு கப்பலின் அடிப்பாகத்தில் இருந்தபோது அப்படித்தான் எட்டிப் பார்த்தார். அவன் திரையில் இரண்டு எண்கள் ஒன்று புள்ளி இரண்டில் அசையாமல் நின்றன. மூன்றாவது, ஆபத்தான ஒன்று புள்ளி ஏழையும் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. அவசரத்துக்கென வைத்திருக்கும் மாற்று சிலிண்டருக்கு மாறச் சொல்லிச் சைகை செய்தார். அவன் தலையாட்டி மறுத்து, இரண்டு விரலைக் காட்டினான்: இரண்டு சரியாகத்தானே இருக்கின்றன? அவன் கன்னம் துடிக்கத் தொடங்கியிருந்தது. அது அவனுக்குத் தெரியவில்லை. அண்ணி அவன் தோள்பட்டையைப் பிடித்து, மாற்றுக் குழாயை அவன் முகத்துக்கு நேரே நீட்டி, அவன் வாங்கிக் கடிக்கும்வரை விடவில்லை.

மெல்ல மேலே வந்தார்கள். அரை நாள் வேலை போயிற்று. கரை சேரும்வரை அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கரையில், கருவிகள் வைக்கும் கொட்டகையில் அவனுடைய மூன்று சென்சார்களையும் சிறு அழுத்தக் கலனில் வைத்து, அண்ணி ஆக்சிஜனை ஏற்றினார். ஒன்று கூடவே ஏறியது. மற்ற இரண்டும் ஒன்று புள்ளி இரண்டோடு நின்றுவிட்டன. அவற்றை நம்பித்தான், வேண்டிய ஒன்று புள்ளி மூன்று இன்னும் வரவில்லை என்று, கருவி இன்னும் இன்னும் ஆக்சிஜனை ஊற்றியிருக்கிறது.

“ரெண்டும் ஒரே மாதிரிதானே காட்டிச்சு அண்ணி?”

“ஒண்ணா வாங்கினது, ஒண்ணாக் கெட்டுப்போச்சு. சென்சாரை மாத்திட்டேன்னு சொன்னியே?”

“மாத்தினேனே. ஒண்ணை.”

அண்ணி கெட்ட இரண்டையும் எடுத்து, இனி யாரும் மாட்ட முடியாதபடி அவற்றின் இணைப்பு முள்ளைக் குறடால் ஒடித்தார். கணவர் தேநீர்க் கோப்பையை நீட்டினார்.

“அப்படி வைங்க” என்றார் அண்ணி. பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, நடுக்கம் நிற்கும்வரை அவற்றின்மேல் அழுத்தி உட்கார்ந்திருந்தார்.