கயிறு பிடிக்க ஒரு மச்சான்

மண்டபம் என்ற கடற்கரை ஊரில் மீன்வளத் துறையில் வேலைக்குச் சேர்ந்த என் தம்பி, கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லிக் கடிதம் போட்டான். கூடவே ஒரு பார்சல். உள்ளே கண்ணாடி பதித்த ரப்பர் முகமூடி ஒன்றும் வளைந்த குழாய் ஒன்றும் இருந்தன. அவற்றை மாட்டிக்கொண்டு கடலில் குப்புற மிதந்தால், அங்குள்ள தீவைச் சுற்றிப் பவளப்பாறையும் மீன்களும் தெரியுமாம். மூச்சுக்குக் குழாய் இருக்கிறதாம்.

என் கணவருக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது. மலைமேல் புதூர்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் அவருக்கு வாத்தியார் வேலை. எங்கள் வீட்டுப் பக்கத்து ஓடையில் முழங்கால் நனைந்தாலே அது பெருவெள்ளம். வரவில்லை என்று எழுதிவிடலாமா என்று நினைத்தேன். தம்பி வருத்தப்படுவான். வருகிறோம் என்று எழுதினேன். தபால்பெட்டியில் போட்ட கையோடு, எடுத்துவிட முடியுமா என்று உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன்.

அவர் எதையும் பயிற்சி இல்லாமல் செய்யமாட்டார். மறுநாள் வாசலில் அண்டா நிறையத் தண்ணீர் ஊற்றி, முகமூடியோடு அதற்குள் முகத்தை அமிழ்த்தினார். எங்கள் ஐந்து வயது மகள் பக்கத்தில் நின்று, குழாயின் வாயை அவ்வப்போது உள்ளங்கையால் மூடி, "காத்து வருதாப்பா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா முறத்தில் சாமையோடு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி அண்டாவுக்குள் தலையை விட்டிருந்த வாத்தியாரைச் சற்று நேரம் பார்த்தார். "இன்னா வாத்தியாரம்மா, சாருக்கு இன்னா ஆச்சு?" என்று தணிந்த குரலில் கேட்டார். கடல், பவளப்பாறை, மீன் எல்லாவற்றையும் சொன்னேன். எதற்கும் அவர் ஆச்சரியப்படவில்லை. ஒன்றைத்தான் கேட்டார்.

"அங்க சாருக்குக் கவுறு யாரு புடிக்கறது?"

அவர் வீட்டுக்காரர் மலை இடுக்குகளில் கயிற்றில் இறங்கித் தேன் எடுப்பவர். மேலே கயிற்றைப் பிடிப்பது அக்காவின் அண்ணன். அவர்கள் வழக்கம் அது. கூடப் பிறந்தவனுக்கு நிலத்தில் பங்கு உண்டு, அதனால் அவன் கூடாது. சிநேகிதனுக்கு நடுவில் ஏதாவது பழைய சண்டை ஞாபகம் வரலாம். மச்சான் மட்டும்தான் விடமாட்டான். விட்டால் தன் தங்கை தாலியல்லவா போகும்?

நான் பிடிக்கக்கூடாதா என்று கேட்டேன்.

"பொண்டாட்டி புடிச்சா கை நடுங்கும். கவுறு நடுங்குனா கீழ கீறவனுக்கு பயம் வந்துரும்."

இது மலைச்சரிவுக்குத்தான் பொருந்தும், கடலுக்கு அல்ல என்று எனக்குத் தெரியும். நானும் படித்தவள்தான். ஆனால் கொண்டுபோய்த் தேவைப்படாமல் போனால் என்ன நஷ்டம்? கொண்டுபோகாமல் ஏதாவது ஆகிவிட்டால்? கயிற்றை இரவல் வாங்கினேன். அதில் தேன் ஊறியிருந்தது. திருப்பத்தூரில் நாங்கள் ரயில் ஏறியபோது எறும்புகளும் ஏறின. மண்டபத்தில் எங்களோடு இறங்கின.

தம்பி படகில் தீவுக்கு அழைத்துப்போனான். கயிற்றைப் பார்த்துச் சிரித்தான். மாமா இடுப்பளவுத் தண்ணீரில்தானே நிற்கப்போகிறார் என்றான். என் முகத்தைப் பார்த்ததும் நுனியைக் கையில் வாங்கிக்கொண்டான். அவர் பனியனும் அரை டிராயருமாகக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு குப்புறப் படுத்தார். பனியன் உப்பி வெள்ளைப் பூசணிபோல் மேலே நின்றது. குழாய் கொர் கொர் என்றது. நான் அவரைப் பார்க்கவில்லை. தம்பியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் அந்தக் கை செய்த காரியத்தை முதலில் பார்த்தவள் நான். அவருக்குப் பக்கத்தில் ஆமை ஒன்று தலையை நீட்டியது. "பாப்பா, ஆமை பாரு" என்று தம்பி இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினான். கயிறு நழுவியது.

சேலையோடு தண்ணீருக்குள் ஓடிக் கயிற்றைப் பிடித்து, கிணற்று வாளியை இழுப்பதுபோல் இழுத்தேன். என் கை நடுங்கியது. ஆமை போய்விட்டது. அவர் எழுந்து நின்றார். தண்ணீர் அவருக்கு இடுப்புக்கும் கீழே இருந்தது. நல்ல மீன் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.  கோபத்தோடு முகமூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"நீயே பாரு. பாத்தாதான் உனுக்குப் புரியும்."

மாட்டேன் என்றேன். மகள், "போம்மா, அப்பா கவுறு புடிப்பாரு" என்றாள். முடிச்சை அவரே என் இடுப்பில் போட்டார். புருஷன் பிடிக்கலாமா என்று அக்காவிடம் கேட்டு வரவில்லையே என்று அப்போதுதான் தோன்றியது.

முகத்தைத் தண்ணீரில் வைத்தேன். முதலில் என் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு கீழே, அறுத்துக் கவிழ்த்த தேனடைகள்போல் பவளப்பாறை. ஒரு நீலநிற மீன் நேராக என் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்று, இன்னா இன்னா என்று கேட்பதுபோல் வாயைத் திறந்து திறந்து மூடியது. அது ஓடிவிடக்கூடாதே என்று மூச்சை அடக்கிக்கொண்டேன்.

இடுப்பில் கயிறு நடுங்கியது. அலையென்று நினைத்தேன். அலை போன பிறகும் நடுங்கியது. மறு நொடி என் தலை பின்னுக்குப் போக, எருமையை இழுப்பதுபோல் என்னை மணலுக்கு இழுத்தார்கள். தம்பியும் ஒரு கை கொடுத்தானாம்.

"குழாயில சத்தம் நின்னுபோச்சு" என்றார் அவர்.  கயிற்றைக் கையில் சுற்றி வைத்திருந்தார். கரைக்கு வந்த பிறகும் அதை அவிழ்க்கவில்லை.

ஊருக்குத் திரும்பிக் கயிற்றைக் கொடுத்தபோது, யார் பிடித்தது என்று அக்கா கேட்டார். தம்பி கயிற்றை விட்டதையும், பிறகு என் இடுப்பில் கட்டி அவர் பிடித்ததையும் சொன்னேன்.

"சாருக்குக் கை நடுங்குச்சா?"

"ரொம்ப."

"நடுங்காம பின்ன?" என்று சொல்லிக் கயிற்றை வாசல் பந்தல் காலில் மாட்டினார். தேன் வாசம் போய் உப்பு ஏறியிருந்த கயிற்றை நக்க, அவர் வீட்டு ஆடுகள் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன.