தூக்குவாளிகள் உட்கார்ந்த இடம்

தண்டனைக் கைதிகளின் குணத்தையும் மனப்போக்கையும் ஆராய்ந்து அறிக்கை எழுதுவது என் வேலை. ஒருமுறை என் சொந்த ஊரான போடியைச் சேர்ந்த ஒருவரே எதிரே வந்து உட்கார்ந்தார். ஏலக்காய்த் தோட்டத்தில் கூட வேலை பார்த்த பெண்ணைப் பலாத்காரம் செய்தவர்.

"அன்னைக்கு ஒருநாள் புத்தி கெட்டுப்போச்சு மேடம். மத்தபடி எல்லாரும் என்கிட்ட பாசமாத்தான் இருப்பாங்க" என்றார். கேள்வித்தாளிலும் அவருடைய பதில்கள் அப்பழுக்கில்லாமல் இருந்தன.

பேனாவை மூடிவிட்டு ஊர்க்கதை பேசினேன். "தோட்டத்துக்குப் போற ஜீப்புல மூச்சு முட்டுமே?"

சிரித்தார். "எனக்கு மட்டும் தாராளமா எடம் இருக்கும் மேடம். பக்கத்துல பொம்பளைங்க தூக்குவாளிகள அடுக்கிருவாங்க."

எனக்குச் சுரீரென்றது. பள்ளி விடுமுறைகளில் அம்மாவோடு அதே ஜீப்புகளில் மலையேறியவள் நான். அந்த நெரிசலில் சோற்று வாளியை மடியில்தான் வைத்துக்கொள்வோம். அதற்கென்று ஓர் இருக்கையை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

அந்தப் பெண்களைத் தேடிப் போனேன். "அவன் கை சும்மா இருக்காது ஆத்தா. சொன்னா யாரு கேட்டா? அதான் வாளிய வச்சோம். அவன்கிட்ட மாட்டுன அந்தப் புள்ளையும் வாளி வச்சவதான்" என்றார் ஓர் அக்கா.

இது ஒருநாள் புத்தி அல்ல என்று அறிக்கையில் உறுதியாக எழுதினேன். இப்போதெல்லாம் கேள்வித்தாள் முடிந்த பிறகு எல்லாரிடமும் இன்னொன்றும் கேட்கிறேன்: "வேலைக்குப் போகும்போது உங்க பக்கத்துல யாரு உக்காருவா?"