பிலோமினாவுக்கு வைத்த டியூப்

நாகல் நகர் செபஸ்தியம்மாளுக்கு ஊரில் யார் மேலும் பொறாமை கிடையாது, ஒரே ஒருத்தியைத் தவிர. தன் கணவரின் அண்ணன் மனைவி பிலோமினா. பிலோமினா புதுத்தோடு போட்டால் அன்றைக்கு இவளுக்குச் சோறு இறங்காது.

இருவரும் மார்க்கெட்டில் அருகருகே உட்கார்ந்து மல்லிகை கட்டி விற்றவர்கள். விரல் பழக்கத்திலேயே கட்டிவிடுவதால், பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்ததை இருவருமே கவனிக்கவில்லை. கண்ணில் அழுத்தம் என்று தெரிந்தபோது நோய் முற்றிவிட்டது. சொட்டு மருந்துக்கெல்லாம் அது அடங்கவில்லை.

முதலில் பிலோமினாவுக்கு ஆபரேஷன் நடந்தது. "எங்க அத்தைக்குக் கண்ணுக்குள்ள டியூப் வச்சிருக்காக" என்று அவள் மருமகள் அனிஷா தெருவெல்லாம் சொன்னாள். அடேயப்பா, என்ன பெருமை! அதன்பின் பிலோமினா மார்க்கெட்டுக்கும் வரவில்லை. மருமகள் கையைப் பிடித்துக்கொண்டுதான் கோயிலுக்குப் போனாள். செபஸ்தியம்மாளுக்கு அதுவும் ராணி வாழ்க்கையாகத்தான் பட்டது.

இவள் முறை வந்தது. "வலது கண்ணு போயிருச்சும்மா, இடதையாவது காப்பாத்தணும்" என்றார் டாக்டர். "கண்ணு வெள்ளையில சின்னதா வழி வெட்டி, உள்ள தேங்குற நீரை வடிய விடுவோம்."

"அப்ப டியூப்பு?"

"உங்களுக்கு இப்ப அது தேவையில்ல."

தேவையில்லையாம்! செபஸ்தியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவளுக்கு டியூப்பு, எனக்கு வெறும் ஓட்டையா? ஏலே கிளெமென்ட், எந்திரி, போவோம்" என்று மகனை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

நேரே பிலோமினா வீட்டுக்குத்தான் போனாள். "எந்த டாக்டர்ட்டக்கா டியூப் வச்சீக? எனக்கும் வேணும்."

பிலோமினா அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். "எனக்கும் மொதல்ல வழிதாண்டி வெட்டுனாக. புண்ணு ஆறுறப்ப அது தூந்து அடைச்சுப்போய், அழுத்தம் திரும்ப ஏறிருச்சு. வேற கதியில்லாமத்தான் டியூப்பு. அதுக்குள்ள பார்வை போயிருச்சு. உன்கிட்ட வந்து தோத்துப்போனேன்னு சொல்லச் சொல்றியா?"

"இப்ப தெரியலையாக்கா?"

"வெளிச்சம் தெரியுது. ஏண்டி, நான் என்ன சேலை கட்டியிருக்கேன்?"

"பச்சை. மாங்கா போட்ட பார்டரு."

"பார்டர் வரைக்கும் தெரியுது உனக்கு!" பிலோமினாவின் உதடு கோணியது. "அம்புட்டையும் வச்சுக்கிட்டு வேணாம்னு வந்திருக்க. எனக்கு வயிறு எரியுதுடி."

பிலோமினா தன்னைப் பார்த்து ஒருநாளாவது வயிறெரிய வேண்டும் என்றுதான் கல்யாணமான நாளிலிருந்து செபஸ்தியம்மாள் ஏங்கினாள். இன்றைக்கு எரிந்தது. இவள் சட்டென்று எழுந்தாள்.

"ஏலே, டாக்டருக்குப் போனைப் போடு" என்றாள் மகனிடம். "நாளைக்கே வாரோம்னு சொல்லு."