எழுபதில் நிற்காத பாட்டு

நம்புகிறவர்கள் நம்பட்டும், நடந்தது நடந்ததுதான். 2006, தை மாசம். அதுவும் ராத்திரியில் இல்லை. மரக்காணம் உப்பள ஓரத்தில், உப்பு வெள்ளையில் கண் கூசும் நடுப்பகலில்.

பாலகுரு தன் கூடத்துக்கு வைத்த பெயர் 'சர்வதேச நடனப் பயிலகம்'. பழைய உப்புப் பாத்தியைத் தூர்த்து, சிமெண்ட் பூசி, ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை. சர்வதேசத்திலிருந்து இதுவரை வந்து சேர்ந்தது பக்கத்து ஊர் அனுமந்தைப் பிள்ளைகள் ஆறு பேர். விசிட்டிங் கார்டில் 'இசை வேகப் பொறியாளர்' என்று வேறு போட்டிருந்தான். காரணம், புதுச்சேரியில் வாங்கிய ஒரு சிடி. அதிலிருந்த சாஃப்ட்வேர், சுருதி மாறாமல் பாட்டின் வேகத்தை மட்டும் கூட்டும், குறைக்கும்.

அன்றைக்கு அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, சரிபார்க்கப் பத்து வயது மகள் அஸ்வினியை ஆடச் சொன்னான்.

"வேகத்த எழுபதுல வெக்கிறேன். மெதுவா ஆடு."

"எருமை நடக்குற மாதிரி இருக்குதுப்பா."

"ஏய், பொறியாளர்கிட்ட பேசுற. மரியாதை!"

சிரித்துக்கொண்டே ஆடினாள்.

பாட்டு இன்னும் இழுத்தது. திரையைப் பார்த்தால், அறுபது. அவன் கை மவுஸில் இல்லை. எழுபதுக்கு ஏற்றினான். இறங்கியது. ஐம்பது... நாற்பது...

"திருட்டு சிடிய தலையில கட்டிட்டானுங்க!"

தப்... தப்...

திரும்பினான். அஸ்வினி ஆடவில்லை. குனிந்து தரையைப் பார்த்தபடி, ஒவ்வொரு பாதமாக நகர்ந்து, குதிகாலால் மிதித்துக்கொண்டிருந்தாள். அந்த மிதி அவனுக்குத் தெரியும். தை பிறந்தால் உப்பளத்துப் பெண்கள் வரிசையாக நின்று, பாத்தியின் அடிமண் இறுகும்வரை மிதிப்பார்கள். அதே மிதி. அதே வேகம்.

ஆனால் கேட்டது இரண்டு காலின் சத்தம் இல்லை. ஒரு வரிசையின் சத்தம்.

"போதும்மா. நிறுத்து."

"நிறுத்த முடியலப்பா..."

பிளக்கைப் பிடுங்கினான். பாட்டு நின்றது.

கால்கள் நிற்கவில்லை.

அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். அவள் கால்கள் காற்றை மிதித்தன. கீழே, ஆளில்லாத தரையில், தப்... தப்... அடிக்கு அடி அவள் கனத்தாள். ஈரமண் மூட்டை மாதிரி. கதவை எட்டுமுன் முட்டி மடங்கி விழுந்தான். அவள் எழுந்து மறுபடி மிதித்தாள். சிமெண்ட் சிவந்தது.

"யாருங்க நீங்க? விட்டுடுங்க... சின்னப் பொண்ணுங்க..."

பொறியாளர் தரையைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா... பாட்டு முடிஞ்சாதான் விடுவாங்களாம்."

"யாரும்மா?"

அவள் தரையையே பார்த்து மிதித்தாள்.

பிளக்கை மாட்டினான். இன்றைக்கும் கனவில், அந்தக் கம்ப்யூட்டர் உயிர்பெற்று எழுந்திருக்கக் காத்துக்கொண்டுதான் இருக்கிறான். பாட்டை மறுபடி போட்டு, சீக்கிரம் முடியட்டும் என்று வேகத்தை இருநூறுக்குத் தள்ளினான். இறங்கியது. நாற்பது. மறுபடி தள்ளினான். நாற்பது.

கையை எடுத்துவிட்டான்.

தப்... தப்...

பாட்டு முடிந்தது.

மிதி நின்றது.

அஸ்வினி சுருண்டு விழுந்தாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் ஒரே கூட்டம். அஸ்வினி நடுங்கி, தலையோடு போர்த்திக்கொண்டு முடங்கிக் கிடந்தாள். வெளியே நீட்டியிருந்தது பாதங்கள் மட்டும். டாக்டரம்மா குனிந்து பார்த்தார். கறுத்து, பாளம் பாளமாக வெடித்து, கல்லாக இறுகிய பாதங்கள். வெடிப்புக்குள் உப்பு.

"உங்க அம்மாவா? வயசானவங்கள இப்படியா விடுவீங்க? முப்பது வருஷமாவது உப்புல நின்ன காலுங்க இது."

பாலகுரு போர்வையின் தலைப்பக்கத்தைக் கைகாட்டினான்.

டாக்டரம்மா போர்வையை விலக்கினார். பத்து வயது முகத்தைக் கண்டு கை அப்படியே நின்றுவிட்டது.