மைனஸ் நாலு இட்லி

1. இன்று காலை பாடி சிக்னலில் பஸ் நின்றது.
2. பக்கத்துப் பட்டறையிலிருந்து லேத் ஆயில் வாசனை வந்தது.
3. பஸ் கிளம்பியது, நான் மட்டும் பள்ளி நாட்களின் அம்பத்தூர் மொட்டைமாடி டியூஷனுக்குப் போய்விட்டேன்.

கீழே லேத் மிஷின் கிறீச்சிட, அதற்கு மேல் கேட்கவேண்டுமென்று, சூடேறிய தகரக் கூரைக்கடியில் “பக்கம் மாறினா குறி மாறும்” என்று நாங்கள் கத்திக்கொண்டே இருப்போம். காலேஜில் படித்துக்கொண்டே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ரேவதி அக்கா ஸ்கேலால் தாளம் போடுவாள். இன்னொரு முறை ஃபெயிலானால் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று தன் அத்தா சொல்லியிருந்ததால், எல்லாரையும்விட உரக்கக் கத்தியவள் என் தோழி ஷகிலா. அந்தப் பழக்கத்தில் 3x = 12 கணக்கிலும், மூன்றை அந்தப் பக்கம் அனுப்பும்போது குறியை மாற்றி, x = −4 என்று எழுதிவிட்டாள்.

அக்கா திட்டவில்லை. “மூணு டப்பால சமமா வெச்ச இட்லி மொத்தம் பன்னெண்டு. ஒரு டப்பால மைனஸ் நாலா கீது?”

“அய்யே, நாலுக்கா! மூணா பிரிச்சா போதும், குறிய இன்னாத்துக்கு மாத்தணும்?” என்றாள் ஷகிலா.

“அத்தத்தாண்டி நானும் கேக்குறேன்.”

அன்றோடு கத்தல் நின்றது. குறி எப்போது மாறும், ஏன் மாறும் என்று டப்பாக்களை வைத்தே சண்டை போட ஆரம்பித்தோம்.

அம்பத்தூரில் அந்தப் பட்டறையும் மாடியும் இன்றில்லை, அடுக்குமாடி வந்துவிட்டது. ஷகிலா அந்த வருடம் பாஸானாள். பிளஸ் ஒன்னில் கணக்குப் பிரிவைக் கேட்டு வாங்கினாள்.